பங்குனி வரை அந்தப் பள்ளத்தை விட்டுவையுங்கள்: சாலைப் பணியாளர்களுக்கு ஒரு மடல்

காவிரி டெல்டாவின் சாலைகளில் அரிவாளும் மண்வெட்டியுமாக நிற்கும் சாலைப் பணியாளர்களுக்கு, அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும் அக்காமாருக்கும்,

மார்கழி முடியப்போகிறது. மழை ஓய்ந்துவிட்டது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்துச் சாலைகளின் ஓரமெல்லாம் இன்னும் தண்ணீர் நிற்கிறது. பொங்கலுக்கு முன்னால் சாலையோரத்தைச் சுத்தம் செய்யும்படி உங்களுக்கு உத்தரவு வந்திருக்கும், அல்லது இனி வரும். அதற்குள் உங்களிடம் ஒன்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் இந்த மடல். இதைப் பொறியாளர்களுக்கு எழுதியிருக்கலாம். ஆனால் ஒரு செடி இருப்பதும் போவதும் கடைசியில் யார் கையில் இருக்கிறதோ அவர்களிடம் பேசுவதுதான் முறை என்று எனக்குப் படுகிறது.

கேட்பது இதுதான். சாலையோரப் பள்ளங்களிலும் வாய்க்கால் சரிவுகளிலும் இப்போது பூத்து நிற்கிற நம் மண்ணின் செடிகளைப் பங்குனி முடியும்வரை வெட்டாமல் விட்டுவையுங்கள். வெட்டியே தீரவேண்டிய செடிகள் வேறு இருக்கின்றன. அவற்றை இப்போதே, வேரோடு எடுங்கள்.

டெல்டாவில் சாலை என்பது வயலைவிட உயர்ந்த ஒரு கரை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்தக் கரையை எழுப்பப் பல இடங்களில் பக்கத்திலேயே மண்ணைத் தோண்டினார்கள். தோண்டிய இடம் பள்ளமாகவே நின்றுவிட்டது. தாரில் விழும் மழை இரண்டு பக்கமும் வழிந்து அதில் இறங்குகிறது. வயலிலிருந்து வடிந்து வரும் தண்ணீரையும் சாலைக் கரை தடுத்து அங்கேயே நிறுத்துகிறது. ஐப்பசியில் நிறைகிற பள்ளம் மாசி வரை ஈரமாக இருக்கிறது. சித்திரையில் அடிமண் வெடித்துக் கிடக்கிறது. நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் மாறி மாறி வேண்டும் என்பார்கள். அதே காய்ச்சலுக்கும் பாய்ச்சலுக்கும் பழகிய பூச்செடிகள் நம் ஊரில் ஏராளம். வருடம் முழுதும் தண்ணீர் நிற்கும் ஆழமான குளமும் அவற்றுக்கு ஒத்துவராது, வறண்ட மேடும் ஒத்துவராது. உங்கள் பள்ளம்தான் அவற்றுக்குக் கச்சிதமான இடம்.

முன்பு இவை வயலிலேயே வளர்ந்தன. வரப்போரத்திலும், அறுவடை முடிந்த ஈரத்தாளடியிலும், நாற்றங்கால் மூலையிலும் இருந்தன. களை எடுக்கிற பெண்கள் கையால் பறித்தார்கள். பறித்தது போக மீந்தது பூத்து விதை போட்டது. இப்போது களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை. நட்ட சில நாட்களுக்குள் பூட்டாகுளோர், பிரெட்டிலாகுளோர் என்று ஏதாவது ஒரு களைக்கொல்லியை மணலில் கலந்து வீசிவிடுகிறார்கள். விதை முளைக்கும்போதே கருகிவிடுகிறது. விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவருக்குக் கூலி கட்டுபடியாகவில்லை. வாய்க்கால்களின் இரண்டு பக்கமும் சிமெண்ட் ஏறிவிட்டது. குளக்கரைகளில் கல் பதிக்கிறார்கள். எல்லாம் போக மிச்சம் இருப்பது தார் விளிம்புக்கும் வயல் வேலிக்கும் நடுவே உள்ள சில அடி மண். அங்கே யாரும் உழுவதில்லை. யாரும் மருந்து அடிப்பதில்லை. ஆடும் மாடும் மேய்ந்து உயரப் புல்லைக் குறைத்துவைப்பதால் தரையோடு படர்கிற சின்னச் செடிகளுக்கு வெயில் கிடைக்கிறது. இந்தச் செடிகளுக்கு நம் வட்டாரத்தில் கடைசிப் புகலிடம் அநேகமாக உங்கள் பொறுப்பில் இருக்கிற அந்த மண்தான்.

அங்கே என்னென்ன நிற்கின்றன என்று பார்ப்போம். முதலில் நீர்முள்ளி. உங்கள் கையில் முள் ஏற்றிய செடிதான். இடுப்பு உயரத்துக்குக் கிளைக்காமல் நேராக நிற்கும். தண்டு சொரசொரப்பாக, கணுவுக்குக் கணு சற்றுப் பருத்திருக்கும். ஒவ்வொரு கணுவையும் சுற்றி இலைகளும், வைக்கோல் நிறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முட்களும், அவற்றுக்கு நடுவே ஊதாப்பூக்களும் வளையமாக இருக்கும். முள்ளைப் பார்த்துப் பயந்து தள்ளி நிற்பதால் பூவை யாரும் கிட்டத்தில் பார்ப்பதில்லை. ஒரு தடவை குனிந்து பாருங்கள். பூ மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு உதடாகப் பிளந்திருக்கும். கீழுதட்டின் நடுவில் தோல் சுருங்கியதுபோல மேடும் பள்ளமும் இருக்கும். தேனீ வந்து இறங்குவது அந்த மேட்டில்தான். அதில் காலை ஊன்றி உள்ளே தலையை விடும்போது மேலுதட்டுக்கு அடியில் இருக்கிற மகரந்தப்பைகள் அதன் முதுகில் உரசுகின்றன. மாடு முள்ளுக்குப் பயந்து இதைத் தொடுவதில்லை. அதனால் மேய்ச்சல் மிகுந்த இடத்திலும் நீர்முள்ளி மட்டும் நின்று பூக்கிறது. அதன் காலடியில் மற்ற செடிகளும் மாட்டின் வாய்க்குத் தப்புகின்றன.

போன மாசியில் மன்னார்குடிச் சாலையில் ஒரு சிறுபாலத்துக்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார். அவரிடம், "அண்ணே, இது என்ன செடி?" என்று கேட்டேன். அவர் அரிவாளை நிறுத்தாமலே, "முள்ளிங்கம்மா. எங்க அப்பாருக்குக் காலு வீங்குனப்ப எங்க ஆத்தா இதத்தான் வேரோட அவிச்சுக் குடுத்துச்சு" என்றார். சித்த மருத்துவத்தில் நீர்முள்ளி சிறுநீரைப் பெருக்கி வீக்கத்தைக் குறைக்கிற மூலிகை. இன்றும் நாட்டுமருந்துக் கடைகளில் அதன் விதை கிடைக்கிறது. பேரைத் தெரியும், பயனைத் தெரியும், எங்கே பிடித்தால் முள் குத்தாது என்பதும் தெரியும். அப்படிப்பட்ட ஒருவர் கையாலேயே அந்தச் செடி பூவும் பிஞ்சுமாக விழுந்தது. பெரியவர் மேல் ஒரு தவறும் இல்லை. 'சுத்தம்' என்று அவருக்குச் சொல்லப்பட்டதில் இந்தச் செடிக்கு இடம் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

நீர்முள்ளிக்குக் கீழே தரையைப் பாருங்கள். ஈரமண்ணோடு ஒட்டிப் படர்வது பொடுதலை. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவோம், துவையலும் அரைப்போம். அதன் பூத்தலை கறுத்த ஊதாவில் சுண்டுவிரல் நுனியளவு இருக்கும். அதைச் சுற்றி வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் குட்டிப்பூக்கள் ஒரு வரிசை பூக்கும். அந்த வரிசை உதிர்ந்ததும் அதற்கு மேல் அடுத்த வரிசை பூக்கும். மயில் வசீகரன் என்கிற ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சியை, சிறகில் பெரிய கண் வரைந்ததுபோல இருக்குமே அதை, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் புழு உண்ணும் செடிகளில் நீர்முள்ளியும் பொடுதலையும் முக்கியமானவை. மழைக்காலத்தில் பிறக்கும் மயில் வசீகரனின் சிறகு ஓரம் வழவழப்பாக இருக்கும். வறட்சிக்காலத்தில் பிறப்பதற்கு ஓரம் கோணலாகி, சிறகை மூடினால் காய்ந்த இலையென்றே தோன்றும். தன் பள்ளம் எப்போது காயும் என்பதைச் சிறகில் எழுதிக்கொண்டு பிறக்கிற பூச்சி அது. செடியை வெட்டிக் குவித்துத் தீ வைத்தால் முட்டையும் புழுவும் கூடவே போய்விடுகின்றன.

பொடுதலைக்குப் பக்கத்தில், இன்னும் சேறாக இருக்கும் இடத்தில், நீர்ப்பிரமி. தடித்த சின்ன இலை, வெளிறிய ஊதா கலந்த வெள்ளைப்பூ. வல்லாரையும் அங்கேயே இருக்கும். அதன் பூ இலைக்கடியில் ஒளிந்திருப்பதால் வல்லாரைக்குப் பூ உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. சற்று மேட்டில் கானாவாழை. அதன் நீலத்தை நீங்கள் காலைவேளையில்தான் பார்க்கமுடியும். வெயில் ஏறினால் இதழ் கரைந்து சுருண்டுவிடும். அந்தச் செடியைப் பிடுங்கியவர்கள் வேரோடு வெள்ளையாகச் சில தண்டுகள் வருவதைக் கவனித்திருக்கலாம். அவை மண்ணுக்குள் பூக்கிற பூக்களைத் தாங்கியவை. அந்தப் பூக்கள் திறப்பதே இல்லை. மண்ணுக்குள்ளேயே தன் மகரந்தத்தைத் தானே ஏற்று விதை போட்டுவிடும். மேலே பூத்ததை மாடு தின்றாலும் கீழே விதை பத்திரம். அறுவடைக்குப் பிறகு ஈரம் காயத்தொடங்கும் இடங்களில் கொட்டைக்கரந்தை வரும். ஊதா உருண்டைத் தலை, கசக்கினால் மூக்கில் ஏறும் வாசனை.

எனக்கு மிகவும் பிடித்தது ஊசிப்பாலை. வாய்க்காலோரத்தில் கோரையையும் சம்பையும் பற்றிக்கொண்டு மெலிந்த கொடியாக ஏறும். இலை குறுகி நீண்டிருக்கும், கிள்ளினால் பால் வரும். பூ கவிழ்த்த கிண்ணம்போலத் தொங்கும். வெளியே வெளிறிய வெள்ளை. ஆனால் கொடியை மெல்லத் தூக்கி உள்ளே பார்த்தால் இளஞ்சிவப்பில் ஊதா நரம்புகள் வலையாக ஓடும். வண்டியில் போகிறவர் கண்ணில் இது ஒருநாளும் படாது. நின்று வேலை செய்கிற உங்கள் கண்ணில் மட்டும்தான் படும். சம்பை மொத்தமாக அறுத்து எறியும்போது இந்தக் கொடியும் சேர்ந்து போகிறது. அறுப்பதற்குமுன் ஒரு பார்வை பாருங்கள்.

தண்ணீருக்குள்ளும் பூ இருக்கிறது. பளபளவென்று இதய வடிவ இலையும், இலைக்காம்பின் பக்கவாட்டிலிருந்து பிதுங்கி வரும் நீலப்பூங்கொத்துமாக ஒரு செடி. தாவரவியலில் மோனோகோரியா என்பார்கள். ஆகாயத்தாமரையின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் இது நம் ஊர்ச் செடி, சேற்றில் வேரூன்றி அடக்கமாக இருக்கும், தண்ணீரை அடைக்காது. நிறம் ஒன்றாக இருப்பதால் இதையும் ஆகாயத்தாமரை என்று எண்ணி வாரிப்போடுகிறார்கள். வித்தியாசம் எளிது: ஆகாயத்தாமரை மிதக்கும், அதன் இலைக்காம்பு பந்துபோல உப்பியிருக்கும். இது மிதக்காது, காம்பும் உப்பாது. சாக்கடை கலக்காத தெளிந்த பள்ளமாக இருந்தால் தண்ணீருக்கு மேல் ஒரு சாண் காம்பில் மஞ்சள் பூ நிற்கும். கீழே வேரே இல்லாமல், மெல்லிய இழைகளாகச் செடி மிதக்கும். அதன் இழைகளில் கடுகளவு பைகள் இருக்கின்றன. தண்ணீர்ப்பூச்சியோ சின்னக் கொசுப்புழுவோ பையின் வாயில் இருக்கிற மயிரைத் தொட்டால், பை நொடியின் சிறு பகுதியில் வாயைத் திறந்து அதை உள்ளே உறிஞ்சிவிடும். யூட்ரிக்குலேரியா என்கிற அந்தச் செடி பூச்சியைத் தின்று வாழ்கிறது. இதைக் காண உலகத்தின் எங்கெங்கோ பயணம் போகிறவர்கள் இருக்கிறார்கள். நம் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்திலேயே அது நடக்கிறது.

ஔவையாரின் மூதுரையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். குளம் வற்றியதும் பறந்துபோகும் பறவைகளைச் சொல்லி, கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் அப்படிப் போகாமல் கூடவே இருக்கும் என்று சொல்கிற வெண்பா அதில் உண்டு. உறவைப் பற்றிய பாட்டாகவே அதைப் படிக்கிறோம். ஆனால் எழுதியவர் வற்றிய குளத்தைக் கூர்ந்து பார்த்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கொட்டி கிழங்காக மண்ணுக்குள் போய்விடுகிறது. ஆம்பலும் அப்படியே கிழங்கோடு படுத்திருக்கிறது. சித்திரையில் நீங்கள் பார்க்கும் வெடித்த தரை வெறும் தரை இல்லை. கிழங்கும் விதையும் நிறைந்த தரை. ஐப்பசி மழை விழுந்ததும் எல்லாம் எழுந்து வருகின்றன.

எவ்வளவு விதை இருக்கும்? சார்லஸ் டார்வின் இதை எண்ணியே பார்த்திருக்கிறார். ஒரு சிறிய குட்டையின் ஓரத்தில், தண்ணீருக்கடியில், மூன்று இடங்களிலிருந்து மூன்று கரண்டிச் சேறு எடுத்தார். காய்ந்தபின் அதன் எடை சுமார் 190 கிராம். வீட்டில் மூடிவைத்து ஆறு மாதம் முளைக்க முளைக்கப் பிடுங்கி எண்ணினார். மொத்தம் 537 செடிகள் முளைத்தன. 1859இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார். ஒரு கோப்பைக்குள் அடங்குகிற சேறு அது. இங்கிலாந்துக் குட்டைக்குச் சொன்ன கணக்கு நம் பள்ளத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் மேல்மண்ணில் ஒரு கைப்பிடி என்பது எத்தனை வருடச் சேமிப்பு என்பதை அது காட்டுகிறது.

இதனால்தான் அரிவாளைவிட ஜேசிபியைக் கண்டு எனக்கு அதிகப் பயம். அரிவாள் வெட்டினால் வேரும் விதையும் மிஞ்சும். ஜேசிபியின் வாளி பள்ளத்தை ஓர் அடி ஆழத்துக்கு வழித்து, அந்த மண்ணை லாரியில் ஏற்றி எங்கோ பள்ளம் நிரப்பக் கொண்டுபோய்விடுகிறது. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம் என்பதால் அதற்கு முந்தைய மாதங்களில் ஆறு, வாய்க்கால்களைத் தூர்வாருகிறார்கள். அது வேண்டிய வேலை. கடைமடைக்குத் தண்ணீர் போகவேண்டும். சாலையோரப் பள்ளத்தை மட்டும் அந்தக் கணக்கில் சேர்த்து அடியோடு வழிக்கவேண்டியதில்லை. நீர் ஓடும் நடுப்பகுதியை மட்டும் எடுத்து, இரண்டு சரிவுகளையும் அப்படியே விட்டால் போதும். எடுத்த மேல்மண்ணை அதே கரையில் மெல்லப் பரப்பிவிட்டால் இன்னும் நல்லது. வாளி யாருடையதாக இருந்தாலும், எங்கே நிறுத்தவேண்டும் என்று கைகாட்டுவது பெரும்பாலும் உங்களில் ஒருவர்தான்.

இனி, வெட்டவேண்டிய செடிகள். முதலாவது நெய்வேலிக் காட்டாமணக்கு. இளஞ்சிவப்பில் ஊமத்தை அளவுக்குப் பெரிய பூ, ஆள் உயரம், ஆடு மாடு தொடாத இலை. அழகாகத்தான் இருக்கும். தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் வாய்க்கால்களைப் பிடித்துக்கொண்டது. அதை வெட்டித் தண்ணீரோரம் போட்டால் ஒவ்வொரு துண்டும் வேர்விட்டு ஒரு செடியாகிறது. நான் பார்த்தவரை அது பரவுவதற்கு முக்கியக் காரணமே வெட்டிப் போட்ட துண்டுகள்தான். மண்வெட்டியால் வேரோடு பெயர்த்து, ஈரம் படாத மேட்டில், வெயிலில் காயப்போட வேண்டும். அடுத்தது ஆகாயத்தாமரை, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அழகுக்காக வங்காளத்துக்குக் கொண்டுவரப்பட்டு நாடெங்கும் பரவியது. அதையும் கரைக்கு மேல் ஏற்றிக் காயவிடுங்கள். சீமைக்கருவேலம் பற்றி நான் சொல்லவேண்டாம். சாலை நடுவிலும் அலுவலகத் தோட்டங்களிலும் நடப்பட்டு அங்கிருந்து பள்ளத்தில் இறங்கிவரும் மஞ்சள் பூக்கொடி ஒன்று இருக்கிறது, சிங்கப்பூர் டெய்சி என்பார்கள். இலையில் மூன்று மடல், தரையே தெரியாதபடி பாய் விரிக்கும். நம் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு நெருங்கிய சொந்தம்; பூவும் கிட்டத்தட்ட அதேபோல இருக்கும். இலையில் மடல் இருந்தால் வந்தது, மடல் இல்லாமல் நீண்டு ஒடுங்கியிருந்தால் நம்முடையது. வந்ததை இப்போதே எடுத்துவிடுங்கள்.

வளைவுகளிலும், சந்திப்புகளிலும், பெயர்ப்பலகை மறைகிற இடங்களிலும், பள்ளிக்கூடத்துக்கு முன்னாலும் முழுதாக வெட்டவேண்டியதுதான். அதில் எனக்கு மறுபேச்சில்லை. எதிரே வருகிற வண்டி தெரியவேண்டும். தாரை ஒட்டி ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்கு எப்போதும் வெட்டிவையுங்கள். நடந்துபோகிறவர் ஒதுங்க இடம் வேண்டும், பாம்புக்குப் பயந்து யாரும் தாரில் ஏறிவிடக்கூடாது. நான் கேட்பது அதற்கு அப்பால் இருக்கும் சரிவையும் பள்ளத்தையும் மட்டும்.

கொசு வரும் என்று சொல்லிப் பள்ளத்தை மூடச் சொல்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும், தொட்டி, டயர், தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு இவற்றில் தேங்கும் நீரில்தான் பெரும்பாலும் முட்டையிடுகிறது. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்குச் சாக்கடை கலந்த அழுக்குநீர் வேண்டும். செடியும் மீனும் தட்டான் குஞ்சும் உள்ள பள்ளத்தில் கொசுப்புழு பிழைப்பது கடினம். நெற்றியில் வெள்ளிப்பொட்டு வைத்ததுபோல ஒரு சின்னமீன் நீர்மட்டத்திலேயே திரிவதைப் பார்த்திருப்பீர்கள். அது கொசுப்புழுவைத் தின்று வளர்கிறது. தேநீர்க்கடைக் கழிவையும் ஓட்டல் எச்சிலையும் பள்ளத்தில் விடுவதைத்தான் தடுக்கவேண்டும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: வண்டி அதிகம் ஓடும் சாலையின் ஓரத்தில் வல்லாரையையும் பொன்னாங்கண்ணியையும் வீட்டுக்குப் பறித்துப் போகாதீர்கள். ஈரத்தில் வளரும் கீரைகள் மண்ணிலுள்ள உலோகங்களை இழுத்துக்கொள்ளும் குணமுடையவை. புகையும் எண்ணெயும் படிந்த மண் அது. உள்ளூர் வாய்க்கால் கரையில் பறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வேலையைச் செய்கிறவர்களுக்கு இதற்காகப் பரிசு கொடுத்த ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம். அங்கே நெடுஞ்சாலைத் துறை 1930களிலிருந்தே, காட்டுப்பூக்கள் விதை போடும்வரை சாலையோரப் புல்லை வெட்டாமல் தள்ளிவைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்க அதிபராக இருந்த லிண்டன் ஜான்சனின் மனைவி லேடி பேர்ட் ஜான்சன், கணவரின் பதவிக்காலம் முடிந்து ஊர் திரும்பிய பிறகு, சாலையோரக் காட்டுப்பூக்களை நன்றாகப் பேணிய நெடுஞ்சாலைப் பராமரிப்பு ஊழியர்களைத் தேர்ந்தெடுத்து வருடந்தோறும் தன் கையால் பரிசு வழங்கினார். பொறியாளருக்கோ அமைச்சருக்கோ அல்ல, சாலையில் நிற்பவருக்கு. இன்று வசந்தகாலத்தில் அந்த மாநிலத்துச் சாலைகளின் ஓரத்தில் பூத்திருக்கும் புளூபானெட் பூக்களைப் பார்க்கவே குடும்பம் குடும்பமாக வண்டி எடுத்துப் போகிறார்கள். எப்போது வெட்டக்கூடாது என்று அறிந்த ஊழியர்களுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு.

நம் ஊரில் உங்களுக்குப் பரிசு இருக்கட்டும், ஒழுங்கான கையுறையும் முழங்கால்வரை பூட்ஸும் எல்லோருக்கும் கிடைத்திருக்கிறதா என்பதே எனக்கு ஐயம். ரப்பர் செருப்போடு சேற்றில் இறங்குகிறவர்களைப் பார்க்கிறேன். பக்கத்தில் அசுர வேகத்தில் பேருந்து போகிறது. எச்சரிக்கைப் பலகைக்குப் பதில் ஒரு மரக்கிளையை நட்டுவைத்துவிட்டுக் குனிந்து வேலை செய்கிறீர்கள். பெண்கள் ஒதுங்க இடம் இல்லை. பூவைக் கவனியுங்கள் என்று சொல்கிறவருக்கு முதலில் இதைச் சொல்லவும் கடமை இருக்கிறது. நீர்முள்ளியை வேரோடு அவிக்கத் தெரிந்த கைக்கு முள் குத்தாத கையுறை வாங்கிக் கொடுப்பது பெரிய செலவில்லை. இதைப் படிக்கும் சாலை ஆய்வாளர்களும் உதவிப் பொறியாளர்களும் இதைத் தங்களுக்கு எழுதிய வரியாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். இன்னொரு வரியும் அவர்களுக்கே: 'சாலையோரம் சுத்தம்' என்று எழுதும் உத்தரவில் 'சரிவிலும் பள்ளத்திலும் உள்ள நாட்டுச் செடிகளைப் பங்குனிக்குப் பின் வெட்டவும்' என்று ஒரு வாக்கியம் சேர்த்தால், வெட்டாமல் விட்டதற்காக யாரும் மேலிடத்தில் பேச்சு வாங்கவேண்டியிருக்காது. இப்போது நிலைமை அப்படி இல்லை என்பது எனக்குத் தெரியும். முழுதாக வழித்துவிட்டால் வேலை நடந்தது கண்ணுக்குத் தெரிகிறது. விட்டுவைத்தால் சோம்பல் என்று பெயர் வருகிறது.

அதனால் உத்தரவை மீறச் சொல்லவில்லை. உங்கள் கைக்கு எட்டியதை மட்டும் கேட்கிறேன். ஒரு நாளில் இரண்டு பக்கமும் வெட்டவேண்டியிருந்தால் ஒரு பக்கத்தை இப்போது முடித்து, தண்ணீர் நிற்கும் பக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். தாரோரத்தை நேர்கோட்டில் நறுக்கென்று வெட்டினால் அதற்கப்பால் பூத்து நிற்பது கவனித்து விட்டுவைத்ததாகவே கண்ணுக்குத் தெரியும். ஊர்க்காரர்களும் புகார் சொல்லமாட்டார்கள். வெட்டியதைப் பள்ளத்திலேயே போட்டுக் கொளுத்தாதீர்கள். புதிதாகச் சேர்ந்த தம்பிமாருக்கு எது முள்ளி, எது காட்டாமணக்கு என்று மூத்தவர்கள் ஒரு முறை காட்டிக்கொடுங்கள். அதைச் சொல்லித்தர உங்களைவிடத் தகுதியானவர்கள் எந்தக் கல்லூரியிலும் இல்லை.

எப்போது வெட்டத் தொடங்கலாம் என்பதற்கு நாள்காட்டி பார்க்கவேண்டாம், நீர்முள்ளியையே பார்த்தால் போதும். பங்குனி வெயிலில் அதன் தண்டு பழுப்பாகி, கணுவைச் சுற்றிய முட்கள் மட்டும் விறைத்து நிற்கும். துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு கணுவைக் கிள்ளி எடுத்து, உள்ளங்கையில் நசுக்குங்கள். தட்டையான பழுப்பு விதைகள் இன்னும் உள்ளே இருந்தால் ஒன்றை எடுத்து விரலை நனைத்துத் தொட்டுப் பாருங்கள். சற்று நேரத்தில் விதையைச் சுற்றி வழவழவென்று கோந்து ஊறி விரலில் ஒட்டிக்கொள்ளும். அப்படி இருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். காய் வெடித்து உள்ளே ஒன்றும் இல்லாமல் வெறும் தோடு மட்டும் இருந்தால் விதை மண்ணுக்குப் போய்விட்டது. தாராளமாக வெட்டலாம்.

அன்புடன்,
உங்கள் சாலையில் தினமும் போய்வரும் ஒருத்தி